முந்தாத குதிரை

என் கொழுந்தனாரிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான் வரும். “ஒங்க இஷ்டம் மதினி.” இட்லியா தோசையா, தண்ணீர் பாய்ச்சுவது இன்றைக்கா நாளைக்கா, தலைவலிக்கு மாத்திரையா கசாயமா, எல்லாவற்றுக்கும் அதுவே. கேட்பவர் என் வீட்டுக்காரராக இருந்தால் ‘மதினி’ போய் ‘அண்ணே’ வரும். தபால்காரராக இருந்தால் ‘சார்’ வரும். கேட்பதற்கு நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் அதில் உள்ள அலுப்பு தெரியும். தனக்கென்று எதையும் சொல்லாத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கும் சேர்த்து யோசிக்கிற சோலி இன்னொருவர் தலையில் விழும். ராசிங்காபுரத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து அந்தத் தலை என்னுடையது.

ஆள் நல்ல உயரம், நல்ல உழைப்பாளி. ஒரு மூட்டையைத் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார். எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். சலூனில் “எப்படி வெட்டணும்?” என்று கேட்டால், “ஒங்க இஷ்டம்ணே” என்பார். சலூன்காரருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, ஒட்ட நறுக்கி அனுப்பிவிடுவார். ஒரு தடவை ஊருக்கு வருவதற்காகப் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றவரை, தேனி பஸ் கண்டக்டர் “ஏறுங்கண்ணே, எடம் இருக்கு” என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். தேனி வரைக்கும் போய், இறங்கி, திரும்பி வந்தார்.

“நான் இந்தப் பஸ்ஸுல போகலைன்னு சொன்னா என்னா தம்பி?” என்று கேட்டேன்.

“அம்புட்டுப் பிரியமாக் கூப்ட்டாரு மதினி. எப்படி மாட்டேங்கிறது?” என்றார்.

எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே அடுப்படிக்குள் போனார். கொடுத்து வைத்தவள் நான் என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் வாசல்படியில் தலை எட்டிப் பார்த்தது. கத்திரிக்காயா முருங்கைக்காயா? சொன்னேன். புளி எம்புட்டு? சொன்னேன். வெங்காயத்தை நீளமா நறுக்கவா, பொடியா நறுக்கவா? பருப்பை இப்பப் போடவா, பெறகு போடவா? கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் நானே குழம்பை வைத்தேன். அவருக்குப் பதில் சொல்வதைவிட அது லேசாக இருந்தது.

கல்யாணமும் இப்படித்தான் நின்றது. பெண் பார்க்கப் போயிருந்தோம். நல்ல இடம், பெண்ணும் லட்சணம். பெண்ணின் அப்பா நேராக இவரைப் பார்த்து, “மாப்ளே, புள்ளையப் புடிச்சிருக்கா?” என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணனுக்குப் புடிச்சாச் சரிதான்” என்றார். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. “அப்ப அண்ணனையே கட்டிக்கிறச் சொல்லுங்க.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தோம். வழி நெடுக என் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமே வரவில்லை. பிழைக்கத் தெரிந்தவள் என்றுதான் தோன்றியது.

அவருக்கு என்று ஒரு ஆசை இருந்தது என்றால் அது பந்தயம். எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் வண்டிப் பந்தயம் உண்டு. முதலில் மாட்டுவண்டி, அது முடிந்ததும் குதிரைவண்டி. ரோட்டில் தூரமாக ஒரு காலித் தார் டிரம்மை நிறுத்தி, அதில் கொடி ஒன்றைச் செருகியிருப்பார்கள். வண்டிகள் அந்த டிரம்மைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். நேர் ரோட்டில் எந்தக் குதிரையும் ஓடும். டிரம்மிடம் வரும்போதுதான் குதிரையின் லட்சணம் தெரியும். வேகத்தோடு வந்து திரும்ப மாட்டாமல் அகலமாகப் போய் வயலில் இறங்கும், இல்லாவிட்டால் வண்டி குடை சாயும். எல்லோரும் கோயில் பக்கம் நின்று பார்ப்பார்கள். இவர் வெயிலில் நடந்து போய் அந்த டிரம் பக்கத்தில் நின்றுகொள்வார்.

ஒரு நாள் நான் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மதினி, நாமளும் ஒரு குதிரை வாங்கிப் பந்தயத்துல விட்டா என்னா?”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. “தாராளமா விடுங்க தம்பி” என்றேன்.

“எந்த மாதிரிக் குதிரை வாங்கலாம்?”

“அதையும் நாந்தான் சொல்லணுமா?” என்று ஒரு அதட்டுப் போட்டேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே அவருக்குக் குதிரை பார்த்தது. நெஞ்சு அகலமாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். கால் மெலிந்து நீளமாக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். போடி ஸ்டேஷனில் குதிரைவண்டி ஓட்டுகிற ஒரு பெரியவர், காலாவது நெஞ்சாவது, சுழிதான் முக்கியம் என்றார். குதிரையின் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து, வாங்குகிறவன் வீடு விளங்குமா விளங்காதா என்று சொல்லிவிடலாமாம். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குச் சேக்காளிகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கொரு குதிரையைக் காட்டியிருக்கிறார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் “ஆமா, இது நல்லாத்தான் இருக்கு” என்றிருக்கிறார். கடைசியில் ஒரு கடிவாளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“குதிரை எங்க?” என்றேன்.

“ஒண்ணை வாங்குனா மத்தவுக மனசு நோகும்ல மதினி” என்றார். கடிவாளத்தைச் சுவரில் மாட்டினார். அது அங்கேயே கிடந்தது. குதிரை ஆசை அவ்வளவுதான் என்று நாங்களும் மறந்துபோனோம்.

அந்த நாளில் என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஜீப்பு போகாத இடம். பறித்த காயை மூட்டை கட்டி, மலைக்குதிரைகளின் முதுகில் ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். லோடு இறக்குகிற வேலை கொழுந்தனாருக்கு. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், தலையை ஆட்டிக்கொண்டு வந்த ஒரு குதிரையைப் பிடித்தபடி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

குட்டையான குதிரை. செம்மண் நிறம். முதுகில் மூட்டை அழுத்தி அழுத்தி முடி போன வடு இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“யாருடா இதைப் பாத்துச் சொன்னது?”

“யாருமில்லண்ணே. நானாத்தான்.”

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு சோலியாவது என் தலையை விட்டு இறங்கியது.

குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் காரணத்தைச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். “மதினி, அந்தப் பாதைய நீங்க பாத்ததில்லையே. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அடி தெரியாத கெடங்கு. முதுகு நெறைய மூட்டையோட இது வளைவுல திரும்புறதைப் பாக்கணும். ஒரு கல்லு உருளாது. மத்தக் குதிரையெல்லாம் வளைவுல தயங்கும், இது தயங்காது. டிரம்மைச் சுத்துறதுக்கு இதை மிஞ்சுன குதிரை கெடையாது. ரெண்டு மழைக்காலமாப் பாத்து வச்சிருந்தேன். யாருட்டயும் சொல்லலை. சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக.”

கொள்ளு ஊறப்போட்டுக் கொடுத்தேன். விடிந்ததும் வண்டியில் பூட்டி ஓட்டிப் பழக்கினார். தனியாக ஓடும்போது சுமாராக ஓடியது. பந்தயத்தன்று மற்ற வண்டிகளோடு சேர்ந்ததும் பிய்த்துக்கொண்டு போனது. தேவாரத்துக்காரர் ஒருவரின் கறுப்புக் குதிரை முதலில், அதன் சக்கரத்தை உரசுகிற மாதிரி எங்கள் குதிரை. டிரம்மை அது சுற்றிய அழகை எங்கள் தெருவே பேசியது. கோலம் போடுகிற கைபோல வளைந்து திரும்பியது. இரண்டாவது பரிசு, பித்தளைக் குடம். என் வீட்டுக்காரர் அந்தக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். தம்பியைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்த பந்தயத்திலும் இரண்டாவது. அதற்கடுத்த தடவை ஒரு நோஞ்சான் வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அந்த வெள்ளைக் குதிரை கடைசிக்கு முந்தினதாக வந்தது, எங்களுடையது கடைசி. ரோட்டில் ஒதுங்க இடம் தாராளமாகக் கிடந்தும் அது ஒதுங்கி முன்னே போகவில்லை. முன்னால் போகிற குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு ஓடியது.

மலையிலிருந்து இறங்கி வந்திருந்த குதிரைக்காரர் ஒருவர் டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். “பொதி சுமக்குற குதிரை முன்னாடி போறதைத் தாண்டாதுப்பா. தாண்ட எடம் ஏது? தாண்டுனா கெடங்குதான். குட்டியில இருந்தே அடிச்சு அடிச்சுப் பழக்குறதுல்ல.” டீக்கடையில் விழுந்த சிரிப்பு எங்கள் வீடு வரைக்கும் வந்தது. குதிரைக்கும் ஆளுக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள். அண்ணன் பின்னாலேயே நடக்கிறவனுக்கு வேறு எந்தக் குதிரை அமையும் என்றார்கள்.

“இது தெரியாமலா வாங்குனீக?” என்று கேட்டேன். எனக்கும் எரிச்சல்தான்.

“திரும்புறதைத்தான் மதினி பாத்தேன். முந்துறதைப் பாக்கல. மலையில எதுவும் எதையும் முந்தாது. அப்புறம் எப்படித் தெரியும்?” என்றார்.

அந்தப் பதிலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பார்த்ததைத்தானே மனிதன் தேர்ந்தெடுக்க முடியும்.

சித்திரை மாதம் போடிப் பக்கம் நடந்த பந்தயத்துக்கு நானும் போயிருந்தேன். பெண்கள் கூட்டமாக டிரம்மை ஒட்டிய புளியமரத்துக்குக் கீழே நின்றோம். முதலில் வந்த வண்டி டிரம்மில் இடித்துக் குடை சாய்ந்தது. பின்னால் வந்தது எங்கள் வண்டி. கவிழ்ந்து கிடந்ததை விட்டு விலகி, டிரம்மை ஒட்டிச் சுற்றித் திரும்பிவிட்டது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை, கோயில் வரைக்கும் காலி ரோடு. ஜெயித்தாயிற்று என்று நான் கையைத் தட்டிவிட்டேன். குதிரை நாலு எட்டு வைத்து நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. யாராவது முன்னால் போகட்டும் என்று நின்றது.

“சாட்டையைப் போடுய்யா!” என்று ரோட்டின் இரண்டு பக்கமும் கத்தினார்கள். “அடி! அடி!” என் வீட்டுக்காரரும் கூட்டத்திலிருந்து வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து, “அடிடா!” என்றார். யார் எதைச் சொன்னாலும் தட்டாத மனிதர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். சாட்டையை மடியில் வைத்துக்கொண்டார். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போயின. கடைசி வண்டியும் போனதும், எங்கள் குதிரை நிம்மதியாக அதன் பின்னால் ஓட ஆரம்பித்தது.

அதற்கு மேல் என் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று ஒரு வாரம் குதித்தார். பிறகு ஒரு தரகரைக் கூட்டி வந்தார். தரகர் குதிரையின் பல்லைப் பார்க்கவில்லை, சுழியைப் பார்க்கவில்லை. விலாவை அழுத்திப் பார்த்துவிட்டு, மதுரையில் சர்க்கஸ் வந்திருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாம், காலையில் லாரி வரும் என்றார்.

“சர்க்கஸுல இதுக்கு என்னா சோலி?” என்று நான் கேட்டேன். தரகர் தரையைப் பார்த்தார். அங்கே புலி சிங்கம் எல்லாம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். “என்னடா, குடுத்துருவமா?”

நான் மனதுக்குள் ‘மாட்டேன்னு சொல்லுங்க, சொல்லித் தொலையுங்க’ என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் குதிரையின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஒங்க இஷ்டம்ணே.”

காலையில் லாரி வந்தபோது கொட்டத்தில் குதிரை இல்லை. சுவரில் கடிவாளம் இல்லை. கொழுந்தனாரும் இல்லை.

“வருவான். சாப்பிடச் சொல்ல ஆளில்லாம எங்க போவான்?” என்றார் என் வீட்டுக்காரர். நான் நாலைந்து நாள் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். பிறகு மலைக்குப் போய்வருகிற ஜீப்புக்காரர்கள் தாக்கல் சொன்னார்கள். மெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் அந்தக் குதிரையை வைத்துப் பொதி சுமந்துகொண்டிருக்கிறாராம். தம்பியைப் போய்க் கூப்பிட என் வீட்டுக்காரருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வருஷங்கள் போயின.

என் வீட்டுக்காரர் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோதுதான் கௌரவம் இறங்கியது. தண்ணீர் பாய்ச்சுவது, ஆள் கூப்பிடுவது, மாடு, அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான் ஒருத்தி. உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனேன். என் கைகள் என்னுடையவை மாதிரியே இல்லை.

“நீ போய்க் கூப்பிடு. நீ வான்னா வந்துருவான். வெரசாப் போயிட்டு வா” என்றார். அது உண்மை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனேன். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தபோது, மூடுபனிக்குள்ளிருந்து குதிரைகள் வரிசையாக வந்தன. கடைசியில் எங்கள் குதிரை. அதன் பக்கத்தில் தாடி வைத்துக்கொண்டு கொழுந்தனார்.

“மதினி!” என்று ஓடிவந்தார். வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் அவர் அறை வாசலில் உட்காரவைத்தார். யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, “சேட்டா, நாளைக்கு மேல் தோட்டமா, கீழ்த் தோட்டமா?” என்று கேட்டார். “ஒங்க இஷ்டம்” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் ஒரு இம்மியும் மாறவில்லை. பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே போட்டிருந்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

குதிரைக்கு வயதாகிவிட்டது. மூட்டை மற்றதைவிடச் சின்னதாக இருந்தது. “இப்பல்லாம் இதுக்குப் பாதிப் பொதிதான் மதினி” என்றார்.

“யாரு குறைச்சது? எஸ்டேட்டுக்காரகளா?”

“இல்ல. நாந்தான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனை வருஷமாக என் முகத்தைப் பார்த்தே நடந்த மனிதர், அதில் இருந்ததைப் படித்துவிட்டார்.

“அண்ணன் கூட்டிட்டு வரச் சொன்னாகளா? வரவா மதினி? இதை இங்கன யாருட்டயாவது குடுத்துட்டு, ஒங்க கூடவே வந்துரவா?”

வாங்க என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் வந்தால் நான் ஒரு வாரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவேன். எனக்கு அது வேண்டியிருந்தது, சத்தியமாக வேண்டியிருந்தது. அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் பதிலுக்காக நின்றார். ஒரு கை குதிரையின் பிடரியில் இருந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. ஒங்கண்ணன் நல்லா இருக்காக. சும்மா ஒங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். ஜீப்பு போயிரும், நான் வர்றேன்.”

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் பார்த்தார்.

“எங்க அவன்?”

“வரலை.”

“நான் இப்படிக் கெடக்கேன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“சொல்லியுமா?”

“‘நான் வரமாட்டேன் மதினி, அண்ணன்ட்டச் சொல்லிருங்க’ன்னுட்டாரு.”

கத்தப்போகிறார் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“வரமாட்டேன்னு சொன்னானா? அவனா?”

“அவருதான்.”

“அவன் வாயாலயா?”

“ஆமா.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். “நல்லாச் சத்தமாச் சொன்னானா?”

“மலைக்கே கேக்குற மாதிரிச் சொன்னாரு” என்றேன்.